நாட்குறிப்பு, கடிதம், தன்வரலாறு: நம் வரலாற்றுக்கான சாட்சிகள்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அவர் நினைவைப் போற்றும் கூட்டங்களில் அவர் நடத்திய போராட்டங்களை வரிசையாகச் சொல்வது வழக்கம். இந்த முறை அவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு சிறு நூலை முன்வைத்துப் பேசலாம் என்று நினைத்தோம். 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்கிற நூல் அது. அவர் அப்போது எண்பது வயதை ஒட்டி இருந்தார். பெயருக்கேற்றபடி சுருக்கமான நூல்தான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் அந்த நூல் இல்லாவிட்டால் நம் வரலாற்றில் சில இடங்கள் வெறும் பள்ளமாகவே இருந்திருக்கும்.

நம்மிடம் எப்போதும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "ஆதாரம் எங்கே?" தாலுகா அலுவலகத்தில் கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதப்போனால் அங்கேயும் கேட்கிறார்கள். கேள்வி தவறில்லை. ஆனால் எழுதவும் படிக்கவும் விடாமல் தடுத்து வைக்கப்பட்ட மக்களிடம் எழுத்து ஆதாரம் கேட்கும்போது, எதை ஆதாரம் என்று ஏற்பது என்பதையும் சேர்த்தே பேசியாக வேண்டும். நாட்குறிப்பும் கடிதமும் தன்வரலாறும் ஆதாரமாகுமா? ஆகும். அவற்றைச் சோதித்துப் படிக்கக் கற்றுக்கொண்டால், அழியாமல் சேர்த்தும் வைத்தால் ஆகும். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

பிறர் எழுத்தில் நாம்

நாம் கூடியிருக்கும் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வருகிறார். நாம் நந்தனார் என்று அழைப்பவர். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எப்படி வந்தது என்று பாருங்கள். சுந்தரர் தம் தொகையில் பெயரைச் சொல்லி வணங்கியதோடு சரி. நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுப் பாடினார். சேக்கிழாரிடம் வரும்போது அது முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களாகிறது. ஆதனூர்ப் புலைப்பாடி கண்முன் வருகிறது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாக எழுதினார். அதில் நந்தனுக்கு ஒரு வேதியர் ஆண்டையாக வந்துவிட்டார். சேக்கிழாரிடம் அந்த ஆண்டை இல்லை.

காலம் தள்ளிப் போகப் போகத் தகவல் கூடுகிறது. கூடிய தகவல் எல்லாம் நந்தனைப் பற்றியதுதானா? கோபாலகிருஷ்ண பாரதியின் ஆண்டை, அவர் காலத்துத் தஞ்சை மிராசுதார்களைப் பற்றி நமக்குச் சொல்கிறார். நந்தன் காலத்துக்கு அவர் சாட்சி ஆக மாட்டார். நந்தன் தன் கையால் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. எல்லாம் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. வரலாறு படிக்க வரும் மாணவர் முதலில் பழக வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது: எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார்?

இன்னொரு சாட்சியைப் பார்ப்போம். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். விற்பனைச் சரக்கு, கப்பல் வரவு, கவர்னர் மாளிகைப் பேச்சு என்று எல்லாம் அதில் உண்டு. அவர் சேரியைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் இல்லை. ஆனாலும் 1745 அக்டோபரில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரிச் சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். காரைக்காலில் இருந்து வந்த பாதிரியார் அதைக் கண்டு கேள்வி எழுப்ப, சேரி மக்கள் மூத்த பாதிரியாரிடம் திரண்டு போய் முறையிட்டார்கள். சுவரை இடிக்கும்படி ஆனது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

இந்தச் சாட்சியை எப்படி எடைபோடுவது? பிள்ளை கிறிஸ்தவர் அல்ல. பாதிரிமாரோடு அவருக்குப் பகை உண்டு. துபாஷ் பதவிக்குக் கிறிஸ்தவர்தான் வேண்டும் என்று அவர்கள் குறுக்கே நின்றவர்கள். எனவே கோவிலில் கலகம் என்று எழுதும்போது அவர் கைக்கு ஒரு சாய்வு இருக்கும். சரி, அந்தச் சாய்வைக் கழித்துவிடுவோம். மிச்சம் என்ன? கோவிலுக்குள் சுவர் இருந்தது, அதை எதிர்த்து நம் மக்கள் கூட்டமாகப் போனார்கள் என்கிற இரண்டும் மிச்சம். அவற்றை இட்டுக்கட்டுவதால் அவருக்கு லாபமில்லை. போகிற போக்கில் எழுதியது சில நேரம் முனைந்து எழுதியதைவிட வலுவான சாட்சி. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் குறிப்பில் நம் மக்கள் ஒரு கூட்டமாகவே வருகிறார்கள். போகலாம் என்று முதலில் சொன்னது யார், மறுநாள் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது துபாஷின் கணக்கில் ஏறாது.

நம் கையால் எழுதியது

இப்போது தாத்தாவின் நூலுக்கு வருவோம். அவர் பிறந்தது மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம். நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாதான். கோயம்புத்தூரில் படித்த காலத்தை அவர் நினைவுகூர்கிறார். கலாசாலையில் சுமார் நானூறு மாணவர்கள், பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள் என்கிறார். யாரோடாவது பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடுமே என்று பயந்து, வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம்.

அந்தப் பயத்தை எந்த அரசு ஆவணமும் எழுதி வைக்காது. கல்லூரிப் பதிவேட்டில் அவர் பெயரும் வருகையும் இருக்கும். மணி அடிக்கும் வரை அவர் எங்கே நின்றார் என்பது இருக்காது. இன்று பொறியியல் கல்லூரி விடுதியில் தன் கடைசிப் பெயரையும் ஊரின் தெருவையும் சொல்லத் தயங்கும் மாணவருக்கு அந்த இடம் தெரியும். தன்வரலாறு ஒன்றால் மட்டும் தரக்கூடிய சான்று இது.

அதே நூலில் வேறு வகைச் செய்திகளும் உண்டு. 1893 அக்டோபரில் 'பறையன்' பத்திரிகையை நாலு பக்கத்தில் தொடங்கியது, இரண்டு நாளில் சுமார் நானூறு பிரதி விற்றது ஆகியவற்றைச் சொல்கிறார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம்மை நசுக்குவார்கள் என்று எதிர்த்து, அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பிய செய்தியும் வருகிறது.

இவற்றை நாம் வேறு விதமாகப் படிக்க வேண்டும். பயம் அவருக்குள் நடந்தது. அவர் ஒருவரே சாட்சி. மனு வெளியே நடந்தது. அதற்கு வேறு சாட்சிகள் இருக்க முடியும். பார்லிமெண்ட் பதிவுகள், அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள், சுதேசப் பத்திரிகைகளில் வந்ததை அரசு ஆங்கிலத்தில் சுருக்கி வைத்துக்கொண்ட அறிக்கைகள் இவற்றோடு ஒப்பிடலாம். பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்தார். சபை நடவடிக்கைகள் அச்சாகியிருக்கின்றன. தாத்தா சொன்னார் என்பதற்காக நாம் நம்பி நிற்க வேண்டியதில்லை. நம் ஆள் சொன்னதை நாமே சோதிப்பதா என்று கூச்சப்படவும் வேண்டாம். சோதனையில் தேறிய சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் அசைக்க முடியாது.

நாற்பது, ஐம்பது ஆண்டுக்குப் பிறகு எழுதுகிறவர் தன் பிற்கால அரசியலில் நின்றுகொண்டு முற்காலத்தைப் பார்க்கிறார். அது குறையில்லை, இயல்பு. ஆகவே அன்றன்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி 1914இல் மறையும் வரை வாரந்தோறும் நடத்தினார். அவரும் தாத்தாவும் உறவுக்காரர்கள். ஆனால் 'பறையன்' என்ற பெயரைத் தலைப்பாக ஏந்துவதில் இருவருக்கும் உடன்பாடில்லை. தாத்தா அந்தப் பெயரையே ஆயுதமாக்கினார். பண்டிதர் பூர்வ பௌத்தர் என்றார். ஒருவரை மட்டும் படித்தால் நமக்கு ஒரு தலைவர் கிடைப்பார். இருவரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அன்றைய விவாதம் கிடைக்கும். இந்தப் பத்திரிகை மரபு எவ்வளவு அகலமானது என்பதை ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' நூலில் 1869 முதல் 1943 வரை தொகுத்துக் காட்டியிருக்கிறார்.

இன்னொரு கேள்வியும் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது. நம்மில் எழுதியவர்கள் யார்? பட்டாளம், மிஷன் பள்ளி, துரைமார் கம்பெனி, கோலார் தங்கவயல் இவற்றின் வழியாக எழுத்தும் சம்பளமும் கிடைத்தவர்களே பெரும்பாலும் எழுதினார்கள். தாத்தாவும் நீலகிரியில் ஐரோப்பியர் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் மலம் அள்ளியவரும் எழுதவில்லை. ஆண்கள் எழுதிய தன்வரலாறுகளில் வீட்டுப் பெண்கள் ஓரிரு வரியில் கடந்து போகிறார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சிக்கு அதுவரை இருந்த அந்த மௌனமும் ஒரு காரணம்.

கடிதம் என்னும் சாட்சி

கடிதம் ஒருவருக்கு மட்டும் எழுதப்படுவது. அதனால் பொதுமேடையில் வராத செய்தி அதில் வரும். சாவித்திரிபாய் பூலே தம் கணவர் ஜோதிராவுக்கு எழுதிய மூன்று கடிதங்கள் கிடைத்திருக்கின்றன: 1856, 1868, 1877. 1868ஆம் ஆண்டுக் கடிதத்தில், பிராமண இளைஞன் ஒருவனும் தீண்டப்படாத சாதிப் பெண்ணும் காதலித்ததற்காக ஊரார் அவர்களைக் கொல்ல இழுத்துச் சென்றதையும் தாம் குறுக்கே போய்த் தடுத்ததையும் எழுதுகிறார். சாதி ஆணவக் கொலை ஏதோ புதுக் காலத்து வியாதி என்று பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு கடிதம் போதும்.

கடிதத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பாபாசாகேப் அம்பேத்கரிடமே கற்கலாம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் தமிழில் சொல்லும் அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகள் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல்தான் அச்சாயின. முதலில் தம் சொந்த அனுபவங்களை எழுதுகிறார். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போன சிறுவர்கள். சாதி தெரிந்ததும் இரட்டை வாடகை கேட்டும் வண்டியைத் தான் ஓட்ட மறுத்த வண்டிக்காரர். வழியெல்லாம் கிடைக்காத தண்ணீர். பிறகு பரோடா, தௌலதாபாத். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்து வைக்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் கிடக்கிறார். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார். அடுத்து, 1938இல் பம்பாய்க் கூட்டம் ஒன்றில் ஒரு பங்கி இளைஞர் தம் அலுவலக அனுபவத்தைச் சொன்னதைச் சேர்க்கிறார்.

ஏன் இப்படிச் செய்தார்? தன் கதை ஒன்றை மட்டும் சொன்னால், 'பாவம், அவருக்கு அப்படி நேர்ந்தது' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஊர் வேறு, ஆண்டு வேறு, தொழில் வேறு, ஆள் வேறு. நடந்தது ஒன்றே என்றால் அது தனிமனிதத் துரதிர்ஷ்டம் ஆகாது, அமைப்பு. தன்வரலாற்றை வரலாறாக்கும் முறை அதுதான்.

இந்த மண்ணில், இப்போது

நம் ஜில்லாவில் அரசு எழுத்தும் உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தை மீட்கப்போய் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அரசு ஏட்டில் சர்வே எண் இருக்கும், ஏக்கர் இருக்கும். அந்த நிலம் எந்த வறட்சியில், எந்தக் கல்யாணக் கடனுக்கு, யார் மிரட்டலுக்குக் கைமாறியது என்பது இருக்காது. அது அண்ணன் பட்டாளத்துக்குப் போன தம்பிக்கு எழுதிய போஸ்ட் கார்டில் இருக்கும். பாட்டன் பஞ்சாங்க ஓரத்தில் கிறுக்கிய கடன் கணக்கில் இருக்கும். கிரயம் என்று ஏட்டில் ஏறியதை, மிரட்டல் என்று காட்டக்கூடிய துண்டுத் தாள் அது.

அந்தத் தாள்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் எழும்ப எழும்ப வயல்கள் போயின. பழைய வீட்டை இடித்து வாடகைக்குப் போர்ஷன் கட்டும்போது பரண் காலியாகிறது. டிரங்குப் பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் மிதந்த காகிதத்துக்குக் கணக்கில்லை. தொலைந்த சான்றிதழ்களை மறுபடி தர அரசு சிறப்பு முகாம் நடத்தியது. கடிதத்துக்கும் நாட்குறிப்புக்கும் எந்த முகாமிலும் மறுநகல் கிடையாது.

ஆலைகளின் கதையும் இப்படித்தான். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதிச் சாப்பாட்டால் பெண்கள் நோயுற்றபோது தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தித்தாளில் எண்ணிக்கை இருக்கிறது. கம்பெனியிடம் உற்பத்திக் கணக்கு இருக்கிறது, அரசிடம் பேச்சுவார்த்தைக் குறிப்பு இருக்கிறது. அந்த நாட்களில் விடுதி அறையில் என்ன பேசினார்கள், ஊரில் இருந்து அம்மா போனில் என்ன சொன்னார், எந்தத் தெருவில் வீடு கேட்டபோது என்ன சாதி என்று விசாரித்தார்கள் என்பது அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

ஒரு தோழியின் நோட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ஷிப்ட், ஓ.டி. நேரம், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று தேதி போட்டு இரண்டு ஆண்டு எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு நாள் 'இன்று லைனில் அழுதேன்' என்று மட்டும். காரணம் எழுதவில்லை. ஓ.டி. பாக்கி கேட்டு முறையிட்டபோது அந்த நோட்டுத்தான் அவருக்குத் துணையாக இருந்தது. நாளை வரலாறு எழுதுகிறவருக்கும் அது துணை. அன்றன்று எழுதியது, தேதி உண்டு, யாரையும் நம்பவைக்க எழுதியதில்லை. நல்ல சாட்சிக்கு வேறென்ன வேண்டும்?

என்ன செய்யலாம்

மாணவத் தோழர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஒரு வீட்டில் பழைய கடிதமோ நோட்டோ கிடைத்தால், முதலில் இருந்த வரிசை கலையாமல் போட்டோ எடுங்கள். உறையையும் தபால் முத்திரையையும் எடுங்கள். பல கடிதங்களுக்குத் தேதி அதில்தான் இருக்கும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், அந்தப் பிழையில் அவர் பேச்சு இருக்கிறது. கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். அசலை வீட்டாரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் விரும்பினால் மட்டும் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பாதுகாக்க வழி கேட்கலாம். எழுதியவர் உயிரோடிருந்தால் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்வதையும் தேதி போட்டுப் பதியுங்கள்; எழுத்தும் பேச்சும் எங்கே வேறுபடுகின்றன என்று குறியுங்கள். அவரைப் பொய்யர் ஆக்க அல்ல. அந்த வேறுபாட்டிலும் ஒரு செய்தி இருக்கும்.

அச்சிடும் முன் அனுமதி கேளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி கடிதம் யார் கையில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு. அவர் வாழ்நாளுக்குப் பிறகு அவர் வாரிசுகளுக்கு. சட்டத்தைவிடப் பெரியது இன்னொன்று. சாதி கடந்து காதலித்த பெண்ணின் கடிதம், மேலதிகாரியைப் பற்றிய புகார் இவை வெளியே வந்தால் உயிருக்கும் வேலைக்கும் ஆபத்து வரலாம். அவற்றை மூடி வைத்திருப்பதும் வரலாற்றுப் பணிதான். பெயரை நீக்குங்கள், ஊரை நீக்குங்கள், வேண்டுமானால் இருபது ஆண்டு பொறுங்கள்.

இன்று கடிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புகிறோம். போன் உடைந்தால் எல்லாம் போச்சு. போராட்ட நாட்களில் குழுவில் வந்த செய்திகளைத் தேதியோடு வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நீங்களும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். தேதி, இடம், யார் சொன்னார், நீங்கள் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதினால் போதும்.

அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது, இங்கே உள்ள ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு வீட்டுப் பரணையாவது பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டாரின் சம்மதத்தோடு நகல் எடுத்து, பட்டியல் போட்டு, மன்றத்தில் ஒரு பீரோ ஒதுக்கி வைப்போம். தாத்தா ஒருவராக எழுதியதை நாம் பலராகத் தொடர்வோம்.